மின்னஞ்சல் வழங்கி மென்பொருள் மாற்றமும் நிர்வாகியின் முன்னெச்சரிக்கையும்

மின்னஞ்சல் வழங்கி மென்பொருள் மாற்றம் என்பது, ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல்களைப் பெற்று, அனுப்பி, சேமித்து வைக்கும் மென்பொருளை விலக்கிவிட்டு, அதன் இடத்தில் வேறொரு மென்பொருளையோ, அதே மென்பொருளின் பெரிதும் மாறிய புதிய பதிப்பையோ நிறுவுவதைக் குறிக்கும். கல்லூரி, மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம் என எங்கும் இந்தப் பணி வழங்கி நிர்வாகியின் பொறுப்பில் வருகிறது. மற்ற மென்பொருள்களை மாற்றுவதைக் காட்டிலும் அஞ்சல் மென்பொருளை மாற்றுவதில் நிர்வாகிகள் கூடுதல் தயக்கம் காட்டுவது இத்துறையில் நெடுநாளாகக் காணப்படும் வழக்கம் ஆகும்.

இந்தத் தயக்கம் புதுமையின் மீதுள்ள வெறுப்பினால் வருவதன்று. ஒரு வலைத்தளம் நின்றுபோனால் பார்ப்பவர் உடனே அறிந்துகொள்வார். மறுநாள் மீண்டும் வந்து பார்ப்பார். ஓர் அஞ்சல் தொலைந்துபோனால் நிலைமை வேறு. அனுப்பியவர் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார். பெற வேண்டியவருக்கோ அப்படி ஒன்று வரவிருந்ததே தெரியாது. வேலைக்கான நேர்முகத் தேர்வு அழைப்போ, மருத்துவப் பரிசோதனை முடிவோ இப்படி மறைந்தால், இருவரில் ஒருவரும் புகார் செய்யமாட்டார். இழப்பு நிகழ்ந்ததையே யாரும் அறியாமல் போகக்கூடும் என்பதே நிர்வாகியின் முன்னெச்சரிக்கைக்கு அடிப்படை.

அஞ்சல் வழங்கியின் பகுதிகள்

பொதுவாக 'அஞ்சல் வழங்கி' என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், அதனுள் குறைந்தது மூன்று வேலைகள் நடைபெறுகின்றன.

முதலாவது, அஞ்சல் பரிமாற்றம். வெளியிலிருந்து வரும் அஞ்சல்களைப் பெறுவதும், உள்ளிருந்து செல்வனவற்றை அடுத்த வழங்கியிடம் ஒப்படைப்பதும் இதில் அடங்கும். சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ், எக்சிம், கியூமெயில் ஆகியவை இவ்வகை மென்பொருள்கள். இவை எஸ்எம்டிபி என்னும் நெறிமுறையைப் பின்பற்றுகின்றன.

இரண்டாவது, சேமிப்பு. வந்த அஞ்சலை உரியவரின் அஞ்சல் பெட்டியில் கோப்பாக எழுதி வைப்பது இது.

மூன்றாவது, பெட்டியைத் திறந்து காட்டுதல். பயனர் தம் கணினியிலோ கைப்பேசியிலோ அஞ்சலைப் படிப்பதற்கு ஐமேப், பாப்3 ஆகிய நெறிமுறைகள் உதவுகின்றன. டவ்காட் என்பது இவ்வகையில் பரவலாகப் பயன்படும் மென்பொருள். பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனென் எழுதிய இதன் முதல் பதிப்பு 2002-இல் வெளிவந்தது.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் போன்ற சில மென்பொருள்கள் இம்மூன்று வேலைகளையும் ஒருங்கே செய்கின்றன. பிற இடங்களில் தனித்தனி மென்பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இயங்குகின்றன. அதனால் ஒன்றை மாற்றும்போது மற்றவற்றுக்கும் அதற்கும் இடையே இருந்த உடன்பாடுகள் குலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

'250' என்னும் விடையும் அதன் பொறுப்பும்

எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியான ஆவணத்தில் வரையறுத்தார். இன்று நடைமுறையில் இருக்கும் வரையறை 2008 அக்டோபரில் வெளியானது. இதன்படி, அஞ்சல் அனுப்பும் வழங்கியும் பெறும் வழங்கியும் சிறுசிறு கட்டளைகளாலும் மூன்று இலக்க விடைகளாலும் உரையாடுகின்றன. அவற்றுள் மூன்று வகை விடைகளை அறிந்துகொண்டால் இக்கட்டுரையின் மற்றப் பகுதிகள் எளிதில் விளங்கும்.

'250' என்பது 'ஏற்றுக்கொண்டேன்' என்று பொருள்படும். முழு அஞ்சலையும் பெற்றபின் ஒரு வழங்கி இந்த விடையைத் தந்துவிட்டால், அந்த அஞ்சலை உரிய இடத்தில் சேர்ப்பதோ, சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிப்பதோ அதன் கடமை ஆகிறது. பின்னர் கணினி நின்றுபோனது என்பதோ, வட்டில் இடம் போதவில்லை என்பதோ அஞ்சலைத் தொலைப்பதற்குரிய காரணம் ஆகாது என்று வரையறை கூறுகிறது. அனுப்பிய வழங்கி இந்த விடையைப் பெற்றவுடன் தன்னிடமுள்ள நகலை அழித்துவிடும். பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டவரின் நிலையை இதற்கு ஒப்பிடலாம்.

'4' என்ற இலக்கத்தில் தொடங்கும் விடைகள் தற்காலிக மறுப்பு. 'இப்போது முடியாது, பிறகு வா' என்பது இதன் பொருள். அனுப்பும் வழங்கி அஞ்சலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். முயற்சிகளுக்கு இடையே பொதுவாக அரைமணி நேரமாவது விடவும், நான்கைந்து நாட்களுக்குக் குறையாமல் முயன்று பார்க்கவும் நெறிமுறை பரிந்துரைக்கிறது.

'5' என்ற இலக்கத்தில் தொடங்குவன நிரந்தர மறுப்பு. அனுப்பும் வழங்கி அத்துடன் முயற்சியைக் கைவிட்டு, அஞ்சல் திரும்பிவிட்டதாக அனுப்பியவருக்கு அறிவிக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படுகிறது. அஞ்சல் வழங்கி சில மணி நேரம் முற்றிலும் நின்றுபோவது பெரிய ஆபத்து அன்று. வெளி வழங்கிகள் காத்திருந்து மீண்டும் முயலும். தவறாக அமைக்கப்பட்ட வழங்கி ஓடிக்கொண்டிருப்பதே ஆபத்து. அது சரியான முகவரிகளுக்கு நிரந்தர மறுப்புத் தரலாம். அல்லது '250' என்று ஏற்றுக்கொண்டு அஞ்சலை யாரும் பாராத இடத்தில் எழுதிவிடலாம்.

சென்ட்மெயிலும் அதன் மாற்றுகளும்

நிர்வாகிகளின் தயக்கத்தையும் அதன் இரு பக்கங்களையும் விளக்குவதற்குச் சென்ட்மெயிலின் வரலாறு ஏற்ற எடுத்துக்காட்டு ஆகும்.

சென்ட்மெயிலை எழுதியவர் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆல்மன். 1980-களின் தொடக்கத்தில் உருவான இது பெர்க்லி யூனிக்சுடன் பரவியது. அக்காலத்தில் ஆர்ப்பாநெட், யூயூசிபி எனப் பல வலையமைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுதும் முறை வேறு. ஒரு வலையமைப்பின் முகவரியை மற்றொன்றின் வடிவத்துக்கு மாற்றி எழுதுவதற்காகச் சென்ட்மெயிலில் விதிகளின் தொகுப்பு ஒன்று அமைந்தது. அந்த அமைவுக் கோப்பு படிப்பதற்கு மிகக் கடினமானது. இம்மென்பொருளைப் பற்றிப் பிரையன் காஸ்டேல்ஸ் ஆல்மனுடன் எழுதிய கையேட்டின் 1997-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது.

1988 நவம்பர் 2 அன்று மாரிஸ் புழு என்னும் தானே பரவும் நிரல் இணையத்தில் வெளிப்பட்டது. அது நுழைவதற்குப் பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, சென்ட்மெயிலில் சோதனைக்காக வைக்கப்பட்டு அடைக்கப்படாமல் விடப்பட்ட கட்டளை ஆகும். அதன் பின்னரும் இம்மென்பொருளில் பாதுகாப்புக் குறைகள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. பெரிய நிரல் ஒன்றே முழு அதிகாரத்துடன் எல்லா வேலைகளையும் செய்ததால், ஒரு சிறு பிழையும் கணினி முழுவதையும் பிறர் கையில் ஒப்படைத்துவிடும் நிலை இருந்தது.

இச்சூழலில் மாற்று மென்பொருள்கள் தோன்றின. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995-இல் எக்சிமை எழுதத் தொடங்கினார். டேனியல் பெர்ன்ஸ்டைன் உருவாக்கிய கியூமெயிலின் 1.0 பதிப்பு 1997-இல் வெளியானது. ஐபிஎம் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய விட்சே வெனெமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் 1998 டிசம்பரில் வெளிவந்தது. கியூமெயிலும் போஸ்ட்ஃபிக்சும் வேலையைப் பல சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு அதிகாரத்தை மட்டும் தந்தன.

பாதுகாப்பு மிக்க மாற்று இருந்தும், நிர்வாகிகள் ஒரே நாளில் இடம் மாறிவிடவில்லை. இயங்குதளங்களின் வரலாற்றிலேயே இதைக் காணலாம். ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் 2003-இல் வெளியான 10.3 பதிப்பில் சென்ட்மெயிலை விடுத்துப் போஸ்ட்ஃபிக்சுக்கு மாறியது. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் 2010-இல் வெளியான 6-ஆம் பதிப்பில் மாறியது. ஃபிரீபிஎஸ்டி 2023 நவம்பரில் வெளியான 14.0 பதிப்பு வரை சென்ட்மெயிலையே இயல்பான அஞ்சல் மென்பொருளாக வைத்திருந்தது.

வெளியில் தெரியாத வேறுபாடுகள்

இரு அஞ்சல் மென்பொருள்கள் ஒரே நெறிமுறையைப் பின்பற்றினாலும், நெறிமுறை வரையறுக்காத இடங்களில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பழக்கத்தைக் கொண்டிருக்கும். மாற்றத்தின்போது நேரும் சிக்கல்களில் பல இவ்விடங்களிலிருந்தே எழுகின்றன.

பயனரின் சொந்த ஏற்பாடுகள்: யூனிக்ஸ் பயனர் ஒருவர் தமக்கு வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதற்குத் தம் கோப்புறையில் 'ஃபார்வர்டு' என்னும் சிறு கோப்பை வைத்திருப்பார். சென்ட்மெயில் அதைப் படிக்கும். கியூமெயில் இயல்பாக அதைப் படிக்காது. தனக்கே உரிய வேறு கோப்பைத் தேடும், அல்லது கூடுதல் நிரல் ஒன்றை நிறுவ வேண்டும். இதைக் கவனியாமல் மாற்றினால், பல ஆண்டுகளுக்கு முன் திருப்பிவிட்டு அதை மறந்தே போன பயனர்களின் அஞ்சல்கள் அவர்கள் திறந்து பாராத பழைய பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

முகவரி இல்லாதவருக்கு வரும் அஞ்சல்: கியூமெயிலின் மூலப் பதிப்பு, அஞ்சலைப் பெறும் நேரத்தில் அப்படி ஒரு பயனர் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. ஏற்றுக்கொண்டபின் பார்த்து, இல்லையெனில் திருப்பி அனுப்பும். போலியான அனுப்புநர் முகவரியுடன் விளம்பர அஞ்சல்கள் பெருகிய பிறகு, இந்தத் திருப்புதல்கள் ஒரு தொடர்பும் இல்லாதவர்களின் பெட்டிகளை நிரப்பின. பாதுகாப்புக்காகத் தேர்ந்தெடுத்த மென்பொருள் வேறொரு வகையில் பிறருக்குத் தொல்லை தந்தது. இதைச் சரிசெய்யப் பிறர் எழுதிய திருத்தங்களை நிர்வாகிகள் தாமே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஏனெனில் 1998-இல் வெளியான 1.03 பதிப்புக்குப் பின் பெர்ன்ஸ்டைன் புதிய பதிப்பு வெளியிடவில்லை.

அளவு வரம்பு: போஸ்ட்ஃபிக்சின் இயல்பு அமைவில் ஓர் அஞ்சலின் உச்ச அளவு 1,02,40,000 பைட்டுகள், அதாவது ஏறத்தாழ 10 மெகாபைட். இணைப்புகள் அஞ்சலில் செல்லும்போது மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாக மாற்றப்படுவதால் அவற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். எனவே 8 மெகாபைட் அளவுள்ள ஒரு படம் அஞ்சலில் 10.6 மெகாபைட்டைத் தாண்டிவிடும், அது ஏற்கப்படாது. முன்பு வரம்பின்றி இயங்கிய இடத்தில், மாற்றிய மறுநாள் முதல் பெரிய இணைப்புகள் திரும்பத் தொடங்கும். இதே மென்பொருளில் ஒரே கோப்பாக உள்ள அஞ்சல் பெட்டிக்கும் 5,12,00,000 பைட்டுகள் என்ற இயல்பு வரம்பு உண்டு.

கோப்பைப் பூட்டும் முறை: எம்பாக்ஸ் என்னும் பழைய முறையில் ஒருவரின் எல்லா அஞ்சல்களும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. அஞ்சல் சேர்க்கும் நிரலும் படிக்கும் நிரலும் ஒரே நேரத்தில் அந்தக் கோப்பைத் திருத்தாமல் இருக்கப் 'பூட்டு' ஒன்று தேவை. பூட்டும் முறைகள் பல உண்டு. பழைய நிரலும் புதிய நிரலும் வெவ்வேறு முறைகளைக் கையாண்டால், ஒன்று பூட்டியதை மற்றொன்று உணராது, பெட்டி சிதைந்துபோகும். பயனர் குறைவாக உள்ள சோதனைக் காலத்தில் இக்குறை வெளிப்படாமல், நெரிசல் மிகுந்த நாளிலேயே வெளிப்படும். மெயில்டிர் என்னும் முறையில் ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பாக இருப்பதால் இந்தச் சிக்கல் பெருமளவு நீங்குகிறது.

பிற நிரல்கள்: வலைத்தளப் படிவம், காப்புநகல் எடுக்கும் நிரல், கண்காணிப்பு நிரல் எனப் பலவும் வழங்கியிலுள்ள 'சென்ட்மெயில்' என்னும் கட்டளையை அழைத்தே அஞ்சல் அனுப்புகின்றன. இதை உணர்ந்துதான் போஸ்ட்ஃபிக்சும் எக்சிமும் அதே பெயருள்ள கட்டளையைத் தாமும் தருகின்றன. உள்ளமைப்பு முற்றிலும் வேறாயினும் வெளித்தோற்றத்தில் சென்ட்மெயிலைப் போலவே நடந்துகொண்டது போஸ்ட்ஃபிக்ஸ் பரவியதற்கு ஒரு காரணம்.

அஞ்சல் பெட்டிகளை இடம் மாற்றுதல்

சேமிப்பு மென்பொருளை மாற்றும்போது, பழைய அஞ்சல்களைப் புதிய இடத்துக்கு நகலெடுத்தால் போதும் என்று தோன்றலாம். பயனரின் கணினி அந்த அஞ்சல்களை எப்படி அடையாளம் காண்கிறது என்பதும் இங்கே முக்கியம்.

ஐமேப் நெறிமுறையில் ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு கோப்புறைக்கும் அந்த எண்கள் இன்னும் செல்லுபடியாகின்றனவா என்று காட்டும் மற்றோர் எண் உண்டு. இந்த இரண்டாம் எண் மாறிவிட்டால், பயனரின் கணினி தன்னிடமுள்ள நகல்களை விலக்கிவிட்டு எல்லாவற்றையும் மீண்டும் இறக்கிக்கொள்ளும். ஆயிரம் பேர் ஒரே காலையில் இவ்வாறு செய்தால் வழங்கியும் இணைய இணைப்பும் திணறும். பாப்3 முறையில் அஞ்சலின் அடையாளம் மாறினால், முன்பே படித்த அஞ்சல்கள் அனைத்தும் புதியவையாக மறுபடி வந்து குவியும்.

படித்தவை, படிக்காதவை, விடை எழுதியவை என்னும் குறிகளும் கூடவே வர வேண்டும். கோப்புறைப் பெயர்களிலும் கவனம் தேவை. ஐமேப்பின் பழைய வரையறையில் ஆங்கிலமல்லாத பெயர்கள் ஒரு தனிக் குறிமுறையில் மாற்றி எழுதப்படுகின்றன. தமிழில் 'கணக்கு' என்றோ 'மாணவர்' என்றோ பெயரிட்ட கோப்புறைகள், குறிமுறை அறியாத நிரலால் நகலெடுக்கப்பட்டால் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தோன்றும். உள்ளே இருக்கும் அஞ்சல்கள் பத்திரமாகவே இருக்கும். ஆனால் உரியவர் அவை தொலைந்துவிட்டன என்று எண்ணிவிடுவார்.

கடவுச்சொற்களும் அப்படியே. வழங்கியில் அவை மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. புதிய மென்பொருள் அதே முறையை அறியாவிட்டால், ஒவ்வொரு பயனரும் புதிய கடவுச்சொல் அமைக்க வேண்டிவரும்.

புதிய பதிப்பும் ஒரு மாற்றமே

பெயர் மாறாமல் பதிப்பு மட்டும் உயரும்போதும் முன்னெச்சரிக்கை தேவைப்படலாம். 2002-இல் வெளியான எக்சிம் 4-இன் அமைவுக் கோப்பு எக்சிம் 3-இன் கோப்பிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பழையதைப் புதியதாக மாற்றித் தர ஒரு நிரல் வழங்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான டவ்காட் 2.4 பதிப்பும் 2.3-இன் அமைவுக் கோப்புகளை அப்படியே ஏற்பதில்லை. கோப்பு எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். பல அமைவுகளின் பெயர்களும் மாறியுள்ளன.

இதற்கு மாறான அணுகுமுறையும் உண்டு. 2015 பிப்ரவரியில் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 சில இயல்பு அமைவுகளை மாற்றியது. ஆனால் பழைய வழங்கியில் அதை நிறுவினால், நிர்வாகி ஒப்புதல் தரும் வரை அது பழைய முறையிலேயே இயங்கும். பழைய இயல்பு அமைவைச் சார்ந்து ஏதேனும் நடக்கும்போதெல்லாம் லாக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதும். சில நாள் அந்தக் குறிப்புகளைப் படித்தால், எந்தெந்த அமைவைத் தாமாக எழுதிவைக்க வேண்டும் என்று நிர்வாகி அறிந்துகொள்ளலாம்.

மாற்றத்தை மேற்கொள்ளும் முறை

அனுபவம் மிக்க நிர்வாகிகள் கையாளும் படிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. பட்டியல் எடுத்தல்: பயனர்கள், மாற்றுப்பெயர்கள், திருப்பிவிடும் ஏற்பாடுகள், அஞ்சல் அனுப்பும் பிற கருவிகள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுதல். பழைய லாக் கோப்புகளே இதற்கு நம்பகமான சான்று. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பயன்படும் முகவரிகளும் இருக்கும் என்பதால் ஒரு வாரப் பதிவு போதாது.

2. காப்புநகல்: நகல் எடுப்பதோடு நில்லாமல், அதிலிருந்து ஒரு பெட்டியையேனும் மீட்டுப் பார்த்தல்.

3. தனி வழங்கியில் சோதனை: முதலில் நிர்வாகியின் சொந்தப் பெட்டி, பிறகு விருப்பமுள்ள சிலரின் பெட்டிகள் என்று படிப்படியாக மாற்றுதல்.

4. டிஎன்எஸ் ஏற்பாடு: ஓர் ஆள்களப் பெயருக்கு உரிய அஞ்சல் எந்த வழங்கிக்குச் செல்ல வேண்டும் என்பதை எம்எக்ஸ் பதிவு கூறுகிறது. பிற வழங்கிகள் அதைக் குறிப்பிட்ட நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேரம் 86,400 நொடிகள் என்றிருந்தால், மாற்றிய பின்னும் ஒரு நாள் முழுவதும் சில அஞ்சல்கள் பழைய வழங்கிக்கே வரும். எனவே சில நாட்களுக்கு முன்பே அதை 300 நொடிகள் போன்ற சிறிய அளவுக்குக் குறைத்துவிடுவார்கள்.

5. அனுப்பும் தகுதி: புதிய ஐபி முகவரியிலிருந்து அனுப்புவதாயின் அதன் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு, எஸ்பிஎஃப், டிகிம் கையொப்பம் ஆகியவற்றைச் சரிபார்த்தல். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோரிடம் இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. இவை இல்லையெனில் அஞ்சல் மறுக்கப்படலாம், அல்லது வேண்டாத அஞ்சல்களோடு ஒதுக்கப்படலாம்.

6. தற்காலிக மறுப்பு: போஸ்ட்ஃபிக்சில் 'சாஃப்ட் பவுன்ஸ்' என்னும் அமைவு உண்டு. அதை இயக்கினால் நிரந்தர மறுப்புகள் அனைத்தும் தற்காலிக மறுப்புகளாக மாறும். பயனர் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தாலும், அவருக்கான அஞ்சல் திரும்பிப் போகாமல் காத்திருக்கும். நிர்வாகி லாக் கோப்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வேலை முடிந்தபின் இந்த அமைவை நீக்க மறந்தால், உண்மையிலேயே தவறான முகவரிகளுக்கான அஞ்சல்கள் வரிசையில் குவிந்துகொண்டே போகும்.

7. பழைய வரிசையைத் தீர்த்தல்: ஒரு மென்பொருளின் வரிசைக் கோப்புகளை மற்றொன்று படிக்காது. பழைய மென்பொருள் ஏற்றுக்கொண்டு இன்னும் சேர்க்காத அஞ்சல்கள் அதனிடமே இருக்கும். ஆகவே புதியது ஓடத் தொடங்கியதும் பழையதை உடனே அழிக்காமல், அதன் வரிசை காலியாகும் வரை அனுப்பும் வேலையை மட்டும் தொடரவிட வேண்டும்.

8. திரும்பும் வழி: சிக்கல் எழுந்தால் எந்த நேரம் வரை பழைய வழங்கிக்குத் திரும்பலாம் என்பதை முன்கூட்டியே வரையறுத்தல். புதிய வழங்கியில் அஞ்சல்கள் சேரத் தொடங்கியபின் திரும்புவதென்றால், இடையில் சேர்ந்த அஞ்சல்களையும் எடுத்துச்செல்ல வேண்டும். நேரம் கூடக்கூடத் திரும்புவதும் மற்றோர் இடமாற்றமாகவே ஆகிவிடும்.

இப்பணிக்குத் தேர்வு முடிவு நாள், சம்பள நாள், நிதியாண்டு முடிவு போன்ற நாட்களைத் தவிர்ப்பதும், மறுநாள் அலுவலகத்தில் ஆள் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதும் வழக்கம்.

தயக்கத்தின் எல்லை

முன்னெச்சரிக்கை என்பது மாறாமலே இருந்துவிடுவதற்குரிய காரணம் அன்று. பழைய மென்பொருளில் தங்கிவிடுவதும் ஒரு முடிவே. அதற்கும் விலை உண்டு.

2019 ஜூன் மாதத்தில் எக்சிமின் 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று இருப்பதாக அறிவிக்கப்பட்டது. வெளியிலிருப்பவர் வழங்கியில் தம் விருப்பப்படி கட்டளைகளை இயக்க அது இடம் தந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியான 4.92 பதிப்பில் அக்குறை இல்லை. ஆனால் அந்தத் திருத்தத்தின் பாதுகாப்பு முக்கியத்துவம் அப்போது உணரப்படவில்லை. பிப்ரவரியிலேயே மாறியவர்கள் அறியாமலே தப்பினர். காத்திருப்போம் என்று இருந்தவர்கள் ஜூனில் அவசரமாகத் திருத்த வேண்டியதாயிற்று.

கியூமெயிலிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 64 பிட் கணினிகளில் அதற்கு ஏற்படக்கூடிய ஒரு குறை 2005-இல் சுட்டிக்காட்டப்பட்டது. நடைமுறையில் தாக்க இயலாது என்று கருதப்பட்டது. 2020-இல் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்தித் தாக்க முடியும் என்று செய்துகாட்டினர். எழுதப்பட்ட காலத்தில் பொருந்திய கணிப்பு, கணினிகளின் நினைவகம் பெருகியபோது பொருந்தாமல் போயிற்று.

ஆதரவு முடிந்த மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. புதிய தேவைகளும் மாற்றத்தை வேண்டுகின்றன. தமிழ் எழுத்தில் அமைந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு இடம் தரும் நெறிமுறை 2012-இல் வரையறுக்கப்பட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் அதை 3.0 பதிப்பிலிருந்து ஏற்கிறது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருக்கும் வழங்கியால் அத்தகைய முகவரிக்கு அஞ்சல் அனுப்பவோ அதிலிருந்து பெறவோ இயலாது.

எனவே நிர்வாகி முடிவு செய்ய வேண்டியது, மாறுவதா வேண்டாமா என்பதைவிட, ஏற்றுக்கொண்ட அஞ்சல்களில் ஒன்றும் தொலையாமல் எப்போது, எந்த வழியில் மாறுவது என்பதே. குறை அறிவிக்கப்பட்ட பிறகு ஓரிரவில் செய்யப்படும் மாற்றத்தில் பட்டியல் எடுக்கவும் சோதிக்கவும் நேரம் இருப்பதில்லை. மேற்கூறிய படிகளை நிதானமாகச் செய்வதற்கு வாய்ப்பு இருப்பது, பழைய மென்பொருள் இன்னும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில்தான்.